தள்ளத் தள்ள இறுகும் கதவு

ஊருக்கு அவர் பூட்டண்ணன். பிள்ளைகளுக்குப் பூட்டு மாமா. காட்டுவேலிக்கு இருப்பது ஒரே கதவு, அந்தக் கதவுக்கு ஒரே பூட்டு, அந்தப் பூட்டுக்கு ஒரே சாவி, அந்தச் சாவிக்கு ஒரே இடுப்பு. வேறு என்ன பெயர் வாய்க்கும்? குளிக்கும்போதுகூட அவர் சாவியைக் கழற்றியதில்லை. “என்னைக் கட்டிக்கிட்டப்ப இருந்த இறுக்கம் எப்பவோ தளர்ந்துபோச்சு. அந்தச் சாவிக்கயிறு மட்டும் இன்னும் அப்படியே இருக்கு” என்று அவர் மனைவி தன்னோடு வேலை செய்கிற பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

வேலியை ஒட்டி, ஊர்ப்பக்கத்தில், அவர்களுக்கு ஒற்றை அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கோடையில் உள்ளே உட்கார்ந்தால் மூளை வெந்துவிடும். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், சுவரில் வயர்லெஸ் பெட்டி, கதவைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். படுத்தால் தலையைத் திருப்பாமலே கதவு தெரிய வேண்டும் என்று கட்டிலுக்கு அவரே இடம் பார்த்து வைத்திருந்தார். விடிந்ததும் திறக்க வேண்டும், இருட்டும் முன் பூட்ட வேண்டும், நடுவில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் திறந்து மூட வேண்டும். அக்கா மகள் கல்யாணத்துக்குப் போனவர், விருந்துக்குக்கூட உட்காராமல் “பூட்டணும்” என்று எழுந்து ஓடிவந்த கதையை உறவுக்காரர்கள் இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள். காட்டை அடைத்து வைத்திருப்பவர் அவர் என்று ஊர் நினைத்தது. உண்மையில் அடைபட்டுக் கிடப்பது யார் என்று அவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

வேலி வந்ததே மச்சானால்தான். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவர், ஆனால் கெட்டவர் இல்லை. காட்டுப்பன்றியும் மானும் இறங்கி, ஒரே ராத்திரியில் கிழங்குத் தோட்டத்தை உழுதுவிட்டுப் போன வருடங்கள் அவை. சங்கம் கத்திக் கத்தி, வனத்துறை இழுத்து இழுத்து, கடைசியில் இரண்டு ஆள் உயரத்துக்கு இரும்பு வலைவேலி எழும்பியது. அதன் ஒரு முனை செங்குத்துப் பாறையில் போய் முட்டும். மறு முனை ஆற்றுப் பள்ளத்தில் முடியும். பாறையில் ஏற முடியாது, பள்ளத்தில் இறங்க முடியாது. நடுவில் லாரி போகிற அகலத்துக்கு ஒரு கதவு. வேலை வெட்டி சரியாக அமையாமல் இருந்த தங்கை புருஷனை அங்கே காவலுக்கு உட்காரவைத்ததும் மச்சான்தான்.

முதலில் அந்தக் கதவு ஊர்ப்பக்கம்தான் திறந்தது. ஒரு மழைக்காலத்தில் பன்றிக்கூட்டம் ஒன்று முட்டி முட்டித் தாழ்ப்பாளை வளைத்து, கதவைத் தள்ளித் திறந்துகொண்டு, நேராக மச்சான் தோட்டத்துக்கே விருந்தாடப் போய்விட்டது. மறுநாள் சங்கக் கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்தினார்கள். பெரிய பூட்டாகப் போடலாம் என்றார் ஒருவர். வேலியில் கரண்ட் விடலாம் என்றார் இன்னொருவர். பூட்டண்ணன் கூட்டத்தில் வாய் திறக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு என்ன தோன்றியதோ, எழுந்தார்.

“பூட்டை மாத்தி என்ன பண்றது? கீலை மாத்துங்க. கதவு காட்டுப்பக்கம் திறக்கட்டும். நம்ம பக்கம் கதவு வந்து முட்டுற இடத்துல ஒரு தண்டவாளத் துண்டை நட்டு சிமெண்ட் போட்டுடுங்க. அப்புறம் பன்னி முட்டட்டும், எருமை முட்டட்டும். தள்ளத் தள்ள இறுகும்.”

கூட்டம் கொஞ்சம் யோசித்தது, பிறகு கைதட்டியது. மச்சான் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, “நம்ம மாப்பிள்ளைக்கு மூளையும் இருக்குதய்யா!” என்றார். பூட்டண்ணனுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் கைதட்டல் அது. வெல்டர் வந்து கீலை மாற்றினார். கதவை யாரும் தூக்கிக் கழற்றிவிடக் கூடாது என்று கீல்களின் தலையில் தொப்பி போல ஒரு இரும்புத் துண்டை வைத்துப் பற்றவைத்தார்கள். அதுவும் பூட்டண்ணன் யோசனைதான். கைதட்டு வாங்கியவர் அதோடு நிற்பாரா? அதற்குப் பிறகு யார் வந்தாலும் அவர்களை உள்ளே கூட்டிப்போய்க் காட்டுப்பக்கம் நிறுத்தி, கதவைச் சாத்தி, “எங்க, தள்ளிப் பாருங்க” என்பார். அவர்கள் மூச்சைப் பிடித்துத் தள்ளுவார்கள். “பாத்தீங்களா? தள்ளத் தள்ள இறுகும்” என்பார், தன் பிள்ளை முதல் மார்க் வாங்கியது போல.

அதில் ஒரே ஒரு சங்கடம் இருந்தது. ஊர் மாடுகள் பகலெல்லாம் காட்டுக்குள்தான் மேயும். சாயங்காலம் வீடு திரும்பும்போது அவை கதவோடு ஒட்டி வந்து நிற்கும். கதவோ அவை நிற்கிற பக்கம்தான் மடங்க வேண்டும். அதனால் மேய்ப்பர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து, திரும்பி, “ஹோ… ஹோய்…” என்று ஒரு குரல் கொடுத்தபடி காட்டைப் பார்த்து நடப்பார். மாடுகள் அந்தக் குரலுக்குத் திரும்பி அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் போகும். இடம் கிடைத்ததும் பூட்டண்ணன் கதவை உள்ளே தள்ளித் திறப்பார். பிறகு மேய்ப்பர் திரும்பி வருவார், மாடுகளும் வரும். தினமும் நடக்கிற கூத்து. யாருக்கும் அது தொல்லையாகவே தோன்றவில்லை. மேய்ப்பர் மட்டும் குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டே, “உன் கதவுக்கு நான்தான்யா இன்னொரு சாவி” என்பார்.

பூட்டண்ணன் மனைவிக்கும் வேலை காட்டுக்குள்தான். அரை மணி நடந்தால் ஓடைக்கரையில் வனத்துறையின் நாற்றுப்பண்ணை. பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து பிளாஸ்டிக் பைகளில் மண்ணை நிரப்பி, விதை ஊன்றி, தண்ணீர் தெளிப்பார்கள். காலையில் எல்லோரும் சேர்ந்து வருவார்கள், பூட்டண்ணன் திறந்துவிடுவார். கடைசியாக உள்ளே போகிற அவர் மனைவி திரும்பிப் பார்த்து, “பூட்டிக்கங்க” என்பாள். வேலி வந்த இத்தனை வருடத்தில் பகல் நேரத்தில் அவர்கள் இரண்டு பேரும் வேலியின் ஒரே பக்கம் இருந்ததே அபூர்வம்.

அந்த வருடம் மழை ஏமாற்றியது. காட்டின் இந்தப் பக்கம் முழுக்கத் தைலமரம். உரிந்த பட்டை நார்நாராகத் தொங்கும், இலையெல்லாம் எண்ணெய், கீழே கணுக்கால் புதைகிற சருகு. தீப்பெட்டியை நட்டு வளர்த்த மாதிரி. தீ எப்படிப் பிடித்தது என்பதற்கு இன்றுவரை ஆளுக்கொரு கதை இருக்கிறது: தேன் எடுக்கப் போனவனின் பந்தம் என்பவர் உண்டு, மின்கம்பி உரசியது என்பவர் உண்டு, பக்கத்து ஊர்க்காரன் வேலை என்று சத்தியம் செய்கிறவரும் உண்டு. எதுவாக இருந்தால் என்ன, ஒரு நாள் முற்பகலில் எதிர்மலையில் புகை எழுந்தது. அதை முதலில் பார்த்தவர் பூட்டண்ணன். வேலியைப் பார்த்தபடி பிழைக்கிறவருக்குக் காட்டைப் பார்க்காமல் இருக்க முடியாது.

வயர்லெஸ்ஸில் ரேஞ்சரைக் கூப்பிட்டார். “பாத்துட்டோம்” என்றது பெட்டி. “மலைக்கு அந்தப் பக்கம்தான். காத்தும் அந்தப் பக்கம்தான் அடிக்குது. ஆளுங்க போயிருக்காங்க. நீங்க கதவை மட்டும் திறந்து வச்சிடாதீங்க, வேடிக்கை பாக்கிற கூட்டம் உள்ள பூந்துடும்.”

“உள்ள நர்சரி பொம்பளைங்க இருக்காங்க, சார்.”

“சொல்லி அனுப்பியிருக்கு. வந்துடுவாங்க.”

அடுத்து மச்சான் பைக்கில் வந்து இறங்கினார். “மாப்பிள்ளை, திறந்துடாத. பயிரெல்லாம் அறுவடைக்கு நிக்குது. காட்டுல இருக்கிறது மொத்தமும் இறங்குச்சுன்னா ஊரே காலி.”

“உங்க தங்கச்சி உள்ள இருக்கா, மச்சான்.”

“எனக்குத் தெரியாதா? அவ வந்து நின்னதும் திறந்துவிடு. அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?” என்று சொல்லிவிட்டு வைக்கோல் போரை நனைக்க ஓடினார். அந்த நேரத்தில் அது நியாயமான பேச்சாகத்தான் பட்டது. இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். நியாயமான பேச்சுகளாலேயே மனிதனை எப்படிக் கட்டிப்போடலாம் என்பதைப் பூட்டண்ணன் அன்றைக்குக் கற்றுக்கொண்டார்.

சாவியைப் பூட்டில் நுழைத்து, திருப்பாமல் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே ஓடிப்போய் அவளைக் கூட்டி வரலாமா? கதவைப் பூட்டிவிட்டு உள்ளே போனால் அதற்குள் வேறு வழியாக வருகிறவர்கள் கதவுக்கு வந்து மாட்டிக்கொள்வார்கள். திறந்துபோட்டுவிட்டுப் போனால் ரேஞ்சரும் மச்சானும் சொன்னது நடக்கும். இருதலைக் கொள்ளி எறும்பாக நின்றார். எறும்பாவது இப்படியும் அப்படியும் ஓடும். அவர் அதையும் செய்யவில்லை.

முதலில் பறவைகள் போயின, சத்தமில்லாமல், தலைக்கு மேலே. பிறகு முயல்கள் வந்து வலையில் மூக்கை வைத்துத் தேய்த்துவிட்டு வேலியோடு ஓடின. ஒரு முள்ளம்பன்றி வந்து அவர் காலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தே விட்டது. சட்டைக் கையில் ஏதோ விழுந்ததைத் தட்டினார், சாம்பல். அப்போதுதான் காற்று கன்னத்தில் அடிப்பது தெரிந்தது. காட்டிலிருந்து ஊரைப் பார்த்து அடித்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த தீ மலையுச்சியில் நின்று இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. அடுத்து தைலமரங்கள் வெடிக்க ஆரம்பித்தன.

அவர் சாவியைத் திருப்பிவிட்டார். ரேஞ்சராவது மச்சானாவது. ஆனால் அதற்குள் மாடுகள் வந்துவிட்டன. பயந்த மாட்டுக்கு வீடுதான் நினைவு வரும். வீட்டுக்கு வழி அந்தக் கதவு என்று அவற்றுக்குப் பழக்கியதும் அதே ஊர்தான். மொத்த மந்தையும் வந்து மோதியது. பூட்டண்ணன் கதவில் தோளைக் கொடுத்து உள்ளே தள்ளினார். நான்கு விரல் அளவுக்கு நகர்ந்தது. பின்னால் வந்த மாடுகள் முன்னால் நின்றவற்றைத் தள்ளின. கதவு தண்டவாளத்தில் போய் ‘டங்’ என்று முட்டி நின்றது. மறுபடி தள்ளினார். மறுபடி ‘டங்’. அந்தச் சத்தம் எத்தனையோ முறை அவர் பெருமையோடு எழுப்பிக் காட்டிய சத்தம்.

நாற்றுப்பண்ணைப் பெண்கள் புகையிலிருந்து வந்தார்கள், ஈரத்துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டு, ஒருவர் சேலையை ஒருவர் பிடித்துக்கொண்டு. சொல்லி அனுப்பிய ஆள் அவர்களிடம் வந்து சேரவே இல்லை. புகையைப் பார்த்து அவர்களாகத்தான் கிளம்பியிருந்தார்கள். மேய்ப்பரும் அவர்களோடு இருந்தார். மாடுகளின் ஓரமாக ஊர்ந்து, பூட்டண்ணன் மனைவி கதவு மாட்டியிருந்த தூணுக்குப் பக்கத்து வலைக்கு வந்து விரல்களை அதில் கோத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் அவர். நடுவில் ஒரு விரல் கனத்துக்கு இரும்பு.

“திறங்க!”

“திறக்க முடியலம்மா. மாடு அடைச்சுக்கிட்டு நிக்குது.”

“அப்ப வெளிய இழுங்க!”

“வெளிய வராது” என்றார். “நான்தான் தண்டவாளம் வைக்கச் சொன்னேன்.”

“கீலைக் கழட்டுங்க!”

“அதுக்கும் தொப்பி வச்சிருக்கேன்.”

அவள் அவரைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் பிழைத்துப் போயிருப்பார். துணிக்கு மேலே அந்தக் கண்கள் மட்டும் தெரிந்தன, அவ்வளவுதான். பின்னால் வானம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

மேய்ப்பர் நெரிசலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். “இரு, நான் இழுக்கிறேன்” என்று தினமும் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, காட்டைப் பார்த்து நடந்தார். “ஹோ… ஹோய்… ஹோ…”

அவர் கூப்பிட்டால் மாடு வரும். வந்தது. எல்லாம் இல்லை, பின்னால் நின்ற கொஞ்சம் மாடுகள், புகையிலும் அந்தக் குரலை அடையாளம் கண்டு, திரும்பி அவர் பின்னால் போயின. நெரிசல் ஒரு மூச்சு விட்டது. பூட்டண்ணன் கதவைத் தள்ளினார். ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற இடைவெளி கிடைத்தது. அவர் மனைவி பக்கத்தில் நின்ற பெண்ணைப் பிடித்து அதில் திணித்தாள், பிறகு இன்னொருத்தியை, பிறகு ஒரு கர்ப்பிணியை. “நீ வா!” என்று அவர் கத்தினார். “இருங்க, இவங்க” என்று அவள் அடுத்தவளைத் தள்ளினாள். அப்போது மான்கூட்டம் வந்து மோதியது. ‘டங்.’

இந்தப் பக்கம் தண்ணீர் லாரி அப்போதுதான் வந்து நின்றது. டிரைவர் குதித்திறங்கி ஹோஸை இழுத்தார். பூட்டண்ணன் அவர் சட்டையைப் பிடித்தார். “தண்ணி அப்புறம்யா! சங்கிலி இருக்கா? தூணைப் பிடுங்கு! கதவோட தூணைப் பிடுங்கு!” தொண்டை கிழியக் கத்திக்கொண்டே சங்கிலியை வாங்கி, அவரே தூணில் சுற்றினார். முதல் இழுப்பில் சங்கிலி வழுக்கி மேலே ஏறிவிட்டது. உரசி வழுக்கிய சங்கிலி சூடாகியிருந்தது. இரண்டாம் முறை சுற்றும்போது உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. அது அவருக்கு மறுநாள்தான் தெரிந்தது. லாரி உறுமியது. சிமெண்ட் வெடித்தது. தூண் பல்லைப் பிடுங்குவது போல ஆடி ஆடி வெளியே சாய, கதவு ஊர்ப்பக்கம் விழுந்தது.

மாடு, மான், பன்றி, நரி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அதை மிதித்துக்கொண்டு ஓடின. எந்த மானும் நரியைப் பார்க்கவில்லை, எந்த நரியும் முயலைப் பார்க்கவில்லை. மிதிபட்ட குட்டிகள் கதவு மேலேயே கிடந்தன. மிச்சம் இருந்த பெண்கள் அடுத்த தூணைக் கட்டிக்கொண்டு நின்று, கூட்டம் ஓய்ந்ததும் வந்தார்கள். கடைசியாக அவர் மனைவி வந்தாள். வந்தவள் அவர் கையைப் பிடிக்கவில்லை. திரும்பி நின்று காட்டைப் பார்த்து, “அண்ணே! மேய்ப்பரண்ணே!” என்று கூப்பிட்டாள். ஹோய் என்கிற சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

ஓடை திரும்புகிற இடத்தில் அவரைக் கண்டெடுத்தார்கள். மாடுகள் அவரைச் சுற்றியே கிடந்தன.

தீ வேலியைத் தாண்டி, உழுது போட்டிருந்த நிலத்தில் வந்து தானாக அடங்கியது. அது போன பிறகுதான் அது என்ன செய்தது என்று தெரிந்தது. பட்டை தடித்த பழைய மரங்கள் கறுத்துப்போய் நின்றன, ஆனால் உயிர் இருந்தது. பொந்து விழுந்த மரங்கள் வெளியே ஒன்றும் காட்டாமல் உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் புகைந்து, காற்றே இல்லாத மத்தியானத்தில் திடீரென்று மடேரென விழுந்தன. குளம்பு வெந்த மான்கள் நடக்க முடியாமல் வயல் வரப்பில் படுத்துக் கிடந்தன. பக்கத்தில் போனாலும் எழவில்லை. நாற்றுப்பண்ணையில் பைகள் உருகி, மண் மட்டும் பை வடிவத்திலேயே வரிசையாக நின்றது. ஊரில் துணி காயப்போட்டால் கறுப்பாகியது. குழந்தைகள் இருமின. பூட்டண்ணன் மனைவியும் இருமினாள். பேச ஆரம்பித்தால் இருமல் வந்தது, அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

அது இருமலால்தான் என்று பூட்டண்ணன் நினைக்கவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கூரைச் சூட்டில் வேகிற அந்த அறையில் உட்கார்ந்து, அவள் எப்போது அதைச் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார். உங்க கதவுதான் அந்த மனுஷனைக் கொன்னது. அதைச் சொல்லித் தொலைத்தால் தேவலை. அவள் மருந்து தடவினாள், கட்டு மாற்றினாள், ஊட்டிவிட்டாள். அதை மட்டும் சொல்லவில்லை. ஒரு நாள் அவரே கேட்டார்: “என்னைத் திட்டேன்.”

“எதுக்கு?”

“தெரியாத மாதிரி கேக்காத.”

அவள் இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்: “திட்டினா உங்களுக்கு மனசு ஆறிடும். ஆற வேணாம். அந்தக் கதவு மறுபடி வரப்போகுது. அதுக்கு என்ன செய்யப்போறீங்கன்னு யோசிங்க.”

கதவு வரத்தான் போனது. உள்ளே தின்ன ஒன்றும் இல்லாததால், உடைந்த இடம் வழியாக மிருகங்கள் தினமும் வயலுக்கு வந்தன. சங்கம் கூடியது. உடனே கதவு வேண்டும், பழைய மாதிரியே வேண்டும் என்றார்கள். பூட்டண்ணன் எழுந்தார். “ஊர்ப்பக்கம் திறக்கிற மாதிரி வைங்க. உள்ள இருக்கிறவங்க நெருக்கிட்டு நின்னா எப்படித் திறக்கிறது?”

சிரிப்பு எழுந்தது. “நீதானேய்யா சொன்ன, தள்ளத் தள்ள இறுகும்னு?” என்றார் ஒருவர். “இப்ப என்ன, வேற பாட்டு பாடுற?” அவர் ஒரு காலத்தில் கைதட்டு வாங்கிய அதே வாக்கியத்தால் அவரை உட்காரவைத்தார்கள். மச்சான் குரலைத் தாழ்த்தி, பெரிய மனிதர் தோரணையில் முடித்தார்: “மேய்ப்பர் போனது எல்லாருக்கும் வருத்தம்தான், மாப்பிள்ளை. ஆனா அவர் மாட்டைக் காப்பாத்தத் திரும்பிப் போனார், செத்தார். கதவு என்ன பண்ணும்?” ரேஞ்சரும் தலையாட்டினார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். அந்த மண்ணை இப்போது ஊரே சேர்ந்து அள்ளிப்போட்டது.

வெல்டர் வந்தார். புதுத் தூண் நட்டு, நிமிர்த்திய பழைய கதவைக் கீலில் தற்காலிகமாக மாட்டி, காட்டுப்பக்கம் மடங்குகிற மாதிரி நிறுத்தி, கடைசிப் பற்றவைப்புக்கு மச்சான் வரட்டும் என்று காத்திருந்தார். அப்போது பூட்டண்ணன் அறையிலிருந்து கட்டிலைத் தலைகீழாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். கதவைத் தாண்டி உள்ளே போனார். கரிந்த தரையில் கட்டிலைப் போட்டார், உட்கார்ந்தார்.

மச்சான் வந்து பார்த்துவிட்டு, “என்ன மாப்பிள்ளை, கட்டிலுக்கு வெயில் காட்டுறியா?” என்றார்.

“காவல் இனிமே இந்தப் பக்கம் இருக்கட்டும், மச்சான். கதவு உங்க இஷ்டப்படியே இருக்கட்டும். சாவி வச்சிருக்கிறவன் உள்ள இருந்துக்கிறேன்.”

“பைத்தியமா பிடிச்சிருக்கு? நாளைக்கே ஒரு தீ வந்து, மாடும் மானும் வந்து நெருக்குச்சுன்னா எப்படிக் கதவைத் திறப்ப? நசுங்கிச் செத்துப்போவ!”

“அதைத்தான் மச்சான் நானும் கூட்டத்துல கேட்டேன்.”

வெல்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மச்சான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், அவர் தங்கை தலையணையும் பாயுமாக அவரைக் கடந்து போனாள். கதவை உள்ளே தள்ளித் திறந்து, நுழைந்து, மறுபடி சாத்தினாள். ‘டங்.’

“நீ எங்க போற?”

“அன்னைக்கு ஒருத்தர் உள்ள, ஒருத்தர் வெளியன்னு நின்னது போதும்ணே. இனிமே எது வந்தாலும் ஒரே பக்கம்.” அவளுக்கு இருமல் வந்தது. வலையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். மச்சான் பதறிப்போய் வந்து, அதே வலையில் இந்தப் பக்கத்திலிருந்து விரல்களைக் கோத்தார்.

“அன்னைக்கு நீ இங்கதான் நின்னியா?” என்று கேட்டார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி யாரும் கேட்டதில்லை.

“ஆமா. நீ நிக்கிற இடத்துல இவர் நின்னார்.” அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். “மேய்ப்பரண்ணன் மாட்டைக் காப்பாத்தப் போகலண்ணே. மாடுங்கதான் வெளிய வர வழிகிட்ட நின்னுச்சே! கதவு மடங்க இடம் வேணும்னு, இழுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போனார். எங்களுக்காக. ‘இரு, நான் இழுக்கிறேன்’னு சொல்லிட்டுப் போனார். என் காதுபடச் சொன்னார்.”

மச்சான் வலையிலிருந்து விரல்களை எடுக்கவில்லை. கதவைப் பார்த்தார், அதன் காலடியில் இருந்த தண்டவாளத் துண்டைப் பார்த்தார், தங்கைக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். உள்ளே தள்ளிப் பார்த்தார், கதவு நகர்ந்தது. தங்கை அந்தப் பக்கத்திலிருந்து தன் மெலிந்த தோளை அதில் சாய்த்தாள். நகர்ந்த கதவு நின்றுவிட்டது. மச்சான் இன்னொரு முறை தள்ளவில்லை.

“கீலை வெட்டுய்யா” என்றார் வெல்டரிடம். “அந்தத் தண்டவாளத்தையும் பேர்த்து எடு.”

“எந்தப் பக்கம் திறக்கணும்?”

“எங்க பக்கம்.”

வெல்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். அவர் பொறியைக் கிளப்பும் முன்பே பூட்டண்ணனின் மனைவி அறைக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். பூட்டண்ணன் உடனே எழுந்து வந்துவிடவில்லை. கதவு வெளியே திறப்பதைத் தன் கண்ணால் பார்க்கிற வரைக்கும் அந்தக் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தார்.